முறை தவறாமல்

என் சொந்த ஊரில் நான் எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. யாரோடும் சண்டை சச்சரவு இல்லை. என் வேலை அப்படி. வடசென்னையில் ஒரு சுகாதார நிலையத்தில் காசநோய்க்காரர்களுக்கு மாத்திரை கொடுத்து, விழுங்குகிறார்களா என்று பின்னாலேயே அலைவது என் பிழைப்பு. பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் குப்பத்தில் இது எல்லோருக்கும் தெரியும். நான் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினால் போதும், அந்த வீட்டில் யாருக்கோ நோய் என்று கடைசித் தெரு வரைக்கும் போய்விடும். உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது. நைனாவும் அம்மாவும் போன பிறகு, திருவிழாவுக்குப் போனால் கோயிலில் கும்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். ஒரு வாய் காப்பி குடிச்சிட்டுப் போ என்று யாரும் கூப்பிடுவதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை என்று எழுதலாம், அது பொய்.

சென்னையில் மாடியில் ஒரு அறை வைத்திருக்கிறேன். எலி வளையானாலும் தனி வளை என்பார்கள். அதைச் சொன்னவர் எத்தனை வருஷம் தனியாகச் சமைத்துத் தனியாகத் தின்று பார்த்தாரோ தெரியாது. வீட்டுக்காரம்மா நல்லவர்தான். என் வேலை என்னவென்று தெரிந்த நாளிலிருந்து என் துணிக்கு மட்டும் தனிக் கொடி கட்டிக் கொடுத்திருக்கிறார்.

இந்த ஊர் வளர்கிற வேகத்துக்கு என் நோட்டுப் புத்தகம் ஈடுகொடுப்பதில்லை. ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். நான் தேடும் ஆள் இரண்டிலும் இருக்க மாட்டார். 'பேக்கரிக்குப் பின்னால்' என்று எழுதி வைத்திருப்பேன். அடுத்த மாதம் பேக்கரியே இருக்காது, அங்கே ஆறு மாடி எழும்பிக்கொண்டிருக்கும். குடோன் வேலைக்கு வருகிறவர்கள் ஒரு அறைக்குப் பத்துப் பேர். பகல் வேலைக்காரர் எழுந்துபோன பாயில் ராத்திரி வேலைக்காரர் வந்து படுப்பார். பாயின் சூடு ஆறுவதற்கு நேரமில்லை. அங்கே ஒருத்தர் இருமினால் எந்தப் பாயை, யாருடைய தலையணையைச் சந்தேகப்படுவது?

அப்படி ஒரு அறையில் சளிப் பரிசோதனை எடுக்கப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். முகக்கவசத்துக்கு மேல் என் கண்ணைப் பார்த்ததுமே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எங்கள் குப்பத்துக்காரர். ஊர் முறையில் எனக்குச் சித்தப்பா. ஏரியில் மீன் இல்லாத மாதங்களில் குடோனில் மூட்டை தூக்க வந்தவர். பரிசோதனையில் நோய் உறுதியானது.

இரண்டு மாதம் தினமும் வந்து என் கண்ணெதிரே மாத்திரை போட்டார். உடம்பு தேறியது. அதற்குள் மழை முடிந்து ஏரியில் இறால் வந்துவிட்டது. ஊருக்குப் போகிறேன் என்றார். சட்டப்படி நான் அவர் காகிதத்தை அந்தப் பக்கத்துச் சுகாதார நிலையத்துக்கு மாற்றி எழுத வேண்டும்.

"அங்க எய்தாத பாப்பா," என்றார். "அவங்க வீட்டாண்ட வந்து நிப்பாங்க. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது. இந்த சீக்குனு தெரிஞ்சா எவன் வருவான்?"

எழுதவில்லை. ஊர்ப் பாசம் என்று சொல்லிக்கொண்டேன். பையில் இரண்டு மாத மாத்திரையைப் போட்டுக் கொடுத்து, "முறை தவறாமப் போடுங்க சித்தப்பா," என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போனார்.

இரண்டு மாதம் கழித்து, மாத்திரை தீர்ந்திருக்குமே என்று போன் செய்தேன்.

"இன்னும் நெறைய கீதே," என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தேறியதும் மாத்திரையை ஏறக்கட்டுகிற ஆட்களை வருஷக் கணக்காகப் பார்த்து அலுத்தவள் நான். மறுநாளே சளி எடுக்கும் டப்பாவைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்து வைத்துக்கொண்டு பொன்னேரியில் பஸ் மாறினேன். திருப்பாலைவனம் தாண்டியதும் உப்புக் காற்று முகத்தில் அடித்தது. அவர் வீட்டுக்குப் போக முடியாதே. படகுகள் வந்து நிற்கும் துறையில் இறால் வாங்க வந்தவள் போல நின்றேன். அவர் வந்தார். சட்டை தோளில் தொங்கியது. ஒரு பழைய படகின் மறைவில், காற்று வீசும் பக்கமாகப் பார்த்து நின்று பேசினோம்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்கல்ல?"

"இல்ல பாப்பா."

"பொய் சொல்லாதீங்க. பேச்சுல ஏமாத்தலாம், நோய ஏமாத்த முடியாது."

அவர் முகம் வாடிவிட்டது. "அம்மன் மேல ஆணையா சொல்றேன், ஒரு முறகூடத் தவறல. போட்டா ஒண்ணுக்கு செவப்பாப் போவும்னு நீதான சொன்ன? என் முறையன்னிக்குப் பூரா செவப்பாத்தான் போவுது."

முறையன்னிக்கு.

நான் படகைப் பிடித்துக்கொண்டேன். ஏரியில் நல்ல மீன்பிடி இடங்களுக்கு எங்களிடம் பாடு என்று பேர். எந்த நாளில் எந்தக் கூட்டம் அங்கே வலை போடலாம் என்று ஊர் கூடி முறை வைத்திருக்கும். அவருடைய கூட்டத்துக்கு மூன்று நாளைக்கு ஒரு முறை. முறையில்லாத நாளில் வலையைத் தண்ணீரில் நனைத்தவன் ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்க வேண்டும். முறை தவறாமல் போடு என்று நான் சொன்னேன். அவர் தன் முறை வரும் நாளில் எல்லாம் தவறாமல் மாத்திரை போட்டிருக்கிறார். ஊரில் யாருக்கோ ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்திரை கொடுத்த அந்தக் காலத்துக் கதையையும் கேள்விப்பட்டிருந்ததால், அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

"சென்னையில தெனம் குடுத்தேனே சித்தப்பா?"

"அங்க தெனம் வேல. தெனம் போட்டேன். இங்க முறை."

வேறு எந்த ஊர்க்காரி சொல்லியிருந்தாலும், தெரியாமல் சொன்னாள் என்று விட்டுவிடலாம். என் நைனா அந்தப் பாடுகளில் முறை பார்த்து வலை போட்டுக் கொண்டுவந்த சோற்றைத் தின்று வளர்ந்தவள் நான். 'தினமும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாத்தியார் பிள்ளை மக்கு.

இந்தத் தடவை சளியில் இருந்த கிருமிக்குப் பழைய மாத்திரை எதுவும் வேலை செய்யவில்லை. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். குடோனில் வேலை என்று ஊரில் சொல்லிக்கொண்டார். மனைவியையும் பெண்ணையும் சென்னைக்கு வரவழைத்துச் சோதித்ததில், நல்லவேளை, ஒன்றுமில்லை. டாக்டர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

"ஒழுங்கா போடச் சொன்னா போட மாட்டீங்களா? இப்ப யாரு கஷ்டப்படறது? யார் தப்பு இது?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

"என் தப்புதான் சார். நாந்தான் தவறிட்டேன்."

டாக்டர் அதையே எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. காகிதம் மாற்றாமல் மாத்திரை கொடுத்தது தெரிந்தால் என் ஒப்பந்த வேலை போய்விடும் என்று பயந்தேன். காரணம் அவ்வளவுதான், அதற்குமேல் அழகாக ஒன்றும் கிடையாது.

புது மருந்து பல மாதம். ஆஸ்பத்திரியிலிருந்து அவர் ஊருக்குக் கிளம்பியபோது, இந்தத் தடவை டாக்டரிடம் அனுமதி வாங்கி, தினமும் வீடியோ போனில் பார்ப்பதென்று வைத்துக்கொண்டோம். காலை ஏழு மணிக்கு அவர் முகம் வரும். ஒரு நாள் படகு ஆடும், ஒரு நாள் கருவேல மரத்தடி. ஒவ்வொரு மாத்திரையாக வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, நாக்கை நீட்டிக் காட்டுவார். குமட்டும்; கண்ணில் தண்ணீர் வரும். பிறகு கொஞ்சம் பேச்சு. காற்று எந்தப் பக்கம், என்ன மீன், யார் வீட்டில் என்ன சண்டை. "நீ இன்னா துன்ன?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே காலையில் இட்லி ஊற்ற ஆரம்பித்தேன். என் போனில் வேறு யாரும் அப்படிக் கேட்பதில்லை. மருந்து முடிய இன்னும் எத்தனை நாள் என்று அவர் எண்ணிக்கொண்டிருந்தார். நானும் எண்ணினேன், வேறு மாதிரி.

பதினைந்து நாளைக்கு ஒருமுறை மீஞ்சூர் ரயில் நிலையத்தில் சந்திப்போம். நான் மாத்திரைப் பொட்டலம் கொடுப்பேன். அவர் கேரி பையில் இறால் கொண்டு வருவார். கடைசியாகச் சந்தித்த அன்று நான் கொடுத்தது மாத்திரையல்ல, குணமாகிவிட்டது என்ற காகிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"சித்தப்பா, அன்னிக்கு நடந்தது என் தப்பு," என்றேன். "தெனமும்னு நான் சொல்லல. டாக்டர் கேட்டப்போ வாய மூடிட்டு நின்னேன்."

"தெரியும் பாப்பா," என்றார். "படகாண்ட நீ நின்ன நிப்புலயே தெரிஞ்சுது. உன் வேல போய்டுச்சின்னா நீ எங்க போவ?"

அவர் செருப்பால் தரையைத் தேய்த்தார்.

"பொண்ணுக்கு எடம் வந்துக்குது. எளாவூர் பக்கம். அவங்க ஆளுங்க அடிக்கடி வீட்டுக்கு வராங்க. போன் அடிச்சா யாரு எடுக்கறாங்கன்னு சொல்ல முடியல..."

நானே சொன்னேன். "இனிமே நான் போன் பண்ண மாட்டேன் சித்தப்பா."

அவர் தலையாட்டினார். இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போல அங்கேயே நின்றார். சென்னை வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"கல்யாணத்துக்கும் வரமாட்டேன்," என்றேன்.

"நல்லாரு பாப்பா," என்று என் தலையில் கை வைத்தார். அவர் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை நான் பார்த்திருக்கக் கூடாது.