இனவெறி ஆய்விதழுக்குப் பிழை திருத்தியவள்

தாம்பரத்தில் எல்லோரும் என்னை மலையாளி என்றார்கள். கடையில் கையைக் காட்டி, "அந்தச் சவர்க்காரத்தை ஒருக்கா எடுத்துத் தாங்கோ" என்று தமிழில்தான் கேட்பேன். கடைக்காரர் சோப்பை நீட்டிக்கொண்டே, "கேரளாவாம்மா? தமிழ் நல்லாப் பேசுறீங்களே" என்பார். யாழ்ப்பாணத்தில் பிறந்து, வீட்டில் தமிழைத் தவிர வேறெதுவும் பேசியறியாத எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. போகப்போக அது வசதியாகவும் இருந்தது. ஊரில் இருப்பவர்களுக்கு இந்த வசதி விளங்குமோ தெரியாது.

போர் மறுபடி மூண்டு, யாழ்ப்பாணத்துக்கான ஏ-நைன் பாதை மூடப்படுவதற்குச் சில மாதங்களுக்கு முன் இங்கே வந்தேன். பல்லாவரத்தில் மூன்று வீடுகள் பார்த்தேன். இலங்கை என்று சொன்னதும் மூன்று இடத்திலும், "வேற ஆளுக்குப் பேசி முடிச்சிட்டோம்" என்றார்கள். இரும்புலியூரில் நான்காவது வீடு, ஓய்வுபெற்ற ஆசிரியையான மெர்சி டீச்சருடையது. "கேரளாவா?" என்று கேட்டார். தலையாட்டினேன். மாடியறை கிடைத்தது.

வேலை, லண்டன் ஆய்விதழ்களுக்குப் பக்கம் வடிவமைத்துக் கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனத்தில். என் மேசைக்கு வந்தது இனவெறியையும் ஏகாதிபத்தியத்தையும் ஆராயும் ஒரு காலாண்டிதழ். காற்புள்ளி பார்ப்பதுதான் என் வேலை. கருத்துப் பார்ப்பது அல்ல. நிறத்துக்காக வீடு மறுக்கப்பட்டவர்கள் பற்றிய ஒரு கட்டுரையில், தொலைபேசியில் குரலை மாற்றிப் பேசி அறை பிடித்த பெண்ணைப் பற்றி ஒரு வரி. அதில் பிழை எதுவும் இல்லை. ஆனாலும் என்னால் அடுத்த வரிக்குப் போக முடியவில்லை. பக்கத்து இருக்கை சாகுல் எட்டிப் பார்த்து, "இன்னா மேடம், சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சா?" என்றார்.

இலங்கையிலிருந்து வந்தவர்கள் காவல் நிலையத்தில் பதிவதற்கு வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். அதைக் கேட்காமல் நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன். அன்று மாலை கீழே இறங்கிப் போனேன்.

"டீச்சர், உங்களோட ஒருக்கா கதைக்க வேணும்."

"கதையா? என்ன கதை?"

"நான் கேரளா இல்லை. யாழ்ப்பாணம்."

பட்டாணி உரித்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை. "தெரியும்மா. எதிர்வீட்டு நர்ஸுக்குக் கோட்டயம். ஊர்க்காரப் பொண்ணுன்னு ஆசையா வந்து மலையாளத்துல பேசினா, நீ திருதிருன்னு முழிச்சியாமே."

"பிறகேன் என்னை இருக்க விட்டனீங்கள்?"

"நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்."

நான் கேட்ட கடிதத்தை அழகான ஆங்கிலத்தில் எழுதினார். இலங்கைத் தமிழர் என்று தெளிவாகவே இருந்தது. மடித்துக் கொடுத்தபின் குரலைத் தாழ்த்தினார். "தெருவுல மட்டும் கேரளான்னே இருக்கட்டும். நமக்கு எதுக்கு பேஜாரு?"

கோபம் வரவில்லை. நன்றியும் முழுதாக வரவில்லை.

மறுநாள் காலை காவல் நிலையத்துக்குப் புறப்பட்டேன். தண்ணீர் லாரிக்காகக் குடங்களோடு நின்ற பெண்களிடம் டீச்சர் என்னைக் காட்டி, "நம்ம மாடிப் பொண்ணு. கேரளா" என்றார்.

"அப்டியா?" என்று ஒருத்தி என்னையே கேட்டாள்.

கடிதம் கைப்பையில் இருந்தது. "அதே" என்றேன், ஆம் என்று பொருள்படும், எனக்குத் தெரிந்த ஒரே மலையாளச் சொல்லில்.