திரி இழுக்க வேண்டாத நாள்

முத்துமாரிக்குக் கணக்கு வரும் என்று நான் நம்பியதே இல்லை. பதினொன்றாம் வகுப்பு, மூன்றாவது பெஞ்சு. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அதோடு சரி. ஒரு தேர்வில் இருபத்தைந்துக்கு ஆறு வாங்கினாள். தாளில் வீட்டுக் கையெழுத்து வாங்கிவரச் சொன்னேன். கையெழுத்தோடு முழங்கையில் தடிப்பும் வாங்கி வந்தாள். அவளுக்கு அப்பா இல்லை; அம்மா வேலுத்தாய்தான் எல்லாம். வேலுத்தாய்க்கு மகள் எப்படியாவது காலேஜுக்குப் போய்விட வேண்டும்.

அந்த மாதம் நிகழ்தகவு நடத்தினேன். புத்தகத்தைத் திறந்தால் சீட்டுக்கட்டு, பகடை. திருத்தங்கல் பிள்ளைகள் வீட்டில் சீட்டுக்கட்டைத் தொட்டால் முதுகுத்தோல் உரிந்துவிடும், இவர்களிடம் போய் இஸ்பேட் ராணியைக் கேட்பதா? எரிச்சலில் புத்தகத்தை மூடிவிட்டு, உங்கள் வீடுகளில் எதையாவது குலுக்கி எடுப்பதுண்டா என்று கேட்டேன்.

முத்துமாரி பக்கத்தில் உட்காரும் ரோஜா சொன்னாள். இருவருடைய அம்மாக்களும் நாரணாபுரம் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே செட்டில் வேலை. செட்டுக்கு ஆறு பெண்கள். வெடிமருந்து அடைக்கும் ரூமுக்குள் நாலு பேர்தான் உட்காரலாம். மற்ற இரண்டு பேர் வெளியே மரத்தடியில் பெட்டி ஒட்டுவார்கள். உள்ளே போக யாருக்கு மனசு வரும்? அதனால் காலையில் ஆளுக்கொரு திரி இழுப்பார்களாம். குட்டைத் திரி வந்த இருவர் வெளியே. பிள்ளைக்குப் பரீட்சை என்றால் மட்டும் அவள் இழுக்க வேண்டாம், நேரே மரத்தடிதான். அந்த நினைப்பில் கை நடுங்கினால் எல்லோருக்கும் ஆபத்து என்று அவர்களே வைத்துக்கொண்ட ஏற்பாடு.

நல்ல கணக்கு கிடைத்தது என்று எனக்குச் சந்தோஷம். ஆறு பேரில் நாலு பேரைத் தேர்ந்தெடுக்கப் பதினைந்து வழி என்று பலகையில் போட்டேன். கேட்காமலே முத்துமாரி எழுந்தாள்.

"எங்க ரெண்டு பேரு அம்மாவும் ஒண்ணா வெளிய இருக்க, அதுல ஒரே ஒரு வழிதான், டீச்சர்."

சரியான விடை. அடிப்பாவி, இத்தனை நாள் எங்கே இருந்தாய் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த செவ்வாய்க்கிழமை தேர்வு என்று அறிவித்தேன்.

தேர்வு பாதியில் இருக்கும்போது சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எங்கள் ஊரில் இதற்கு யாரும் என்னவென்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். புகை நாரணாபுரம் பக்கம். கம்பெனியில் போனை எல்லாம் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், கூப்பிட்டுப் பயனில்லை.

ரோஜா அழுதுகொண்டே சொன்னாள்: "எங்கம்மா வெளியதான் இருப்பாக. பரீட்சைன்னு நேத்தே சொல்லிட்டேன்." பிறகு பக்கத்தில் திரும்பினாள். "நீயும் சொன்னேல்ல?"

முத்துமாரி பேனாவைக் கீழே வைக்கவில்லை.

"சொல்லல. சொன்னா பேப்பரக் கேப்பாக."

தலைமையாசிரியரிடம் ஓடினேன். அவர் ஆட்டோ பிடித்துத் திரும்பும்வரை முத்துமாரி எழுதிக்கொண்டே இருந்தாளாம். கூப்பிட்டதும் தாளை மேசையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

உள்ளே இருந்த நாலு பேரும் போய்விட்டார்கள். வேலுத்தாய் அன்று இழுத்தது நீளத் திரி.

அந்த வாரமே தாள்களைத் திருத்தினேன். முத்துமாரி தாளின் ஓரத்தில், எந்தக் கேள்விக்கும் சேராமல், ஐந்தில் ஒன்று என்று எழுதியிருந்தது. முதலில் புரியவில்லை. சோலையம்மாள், அதுதான் ரோஜாவின் அம்மா, மரத்தடிக்குப் போய்விட்டாள். மிச்சம் ஐந்து பேர், வேலுத்தாய் வெளியே இருக்க ஒரே ஒரு குட்டைத் திரி. சத்தம் கேட்ட பிறகு உட்கார்ந்து இதைப் போட்டிருக்கிறாள். மகள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கணக்கே வேண்டாம், இரண்டு தாயும் மரத்தடியில் இருந்திருப்பார்கள்.

காரியம் முடிந்து பள்ளிக்கு வந்தாள். சித்தி வீட்டில் இருக்கிறாளாம். அதே பெஞ்சு, அதே ரோஜா. இருவரும் பேசிக்கொள்ளவில்லை, தள்ளியும் உட்காரவில்லை. தாளைக் கொடுத்தேன். இருபத்தைந்துக்கு இருபத்து மூன்று. அவள் வாங்கியதிலேயே அதுதான் அதிகம்.

மார்க்கைப் பார்த்தாள். அடியில் கையெழுத்துக்காக நான் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு அடிச்சிருக்க மாட்டாக, டீச்சர்," என்றாள்.

அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு நோட்டை எடுத்துத் தேதி போட்டாள்.