பழனி எழுதிய மடைக்காரன்

நாற்பது வயதுக்கு மேல் பழனிக்கு ஒரு விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. சீட்டு, கேரம் என்றால் துணைக்கு ஆளா இல்லை? இவனுக்குப் பிடித்ததோ சொந்த ஊரான கச்சிராயபாளையத்தில் ஒருத்தரும் கேள்விப்படாத ஆட்டம்.

சென்னையில் நாலு பையன்கள் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் சமையல் வேலை பார்த்தவன் அவன். தெருவெல்லாம் வெள்ளம் நின்ற அந்த மழை வருஷத்தில் கரண்ட் இல்லாமல் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். ஊருக்குப் போயிருந்த ஒருத்தனுக்குப் பதிலாக இவனைப் பிடித்து ஆட்டத்தில் உட்கார வைத்தார்கள். பலகை கிடையாது, காய் கிடையாது. ஆளுக்கொரு காகிதம், விதவிதமான பகடைகள், மீதியெல்லாம் வாய்ப்பேச்சு. நடத்துகிறவன் ஆதிமூலம், மணலூர்பேட்டைப் பக்கம் நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை, கம்ப்யூட்டர் வேலை. "சுரங்கத்துக்குள்ள போறீங்க, எதிர்ல பூதம். என்னண்ணா பண்ணுவீங்க?" என்பான். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். ஆட்டத்தில் ஆளுக்கொரு வேஷம் உண்டு, அதற்குக் கிளாஸ் என்று பேர்: போர்வீரன், மந்திரவாதி, பூசாரி, திருடன். பழனி போர்வீரன்.

ஊருக்குப் போனவன் திரும்பி வந்த பிறகும் பழனியை ஆட்டத்திலிருந்து எழுப்பிவிடவில்லை. சனிக்கிழமை மத்தியானம் குழம்பை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்காருவான். அந்த நேரத்தில் அவனிடம் யாரும் காப்பி கேட்டதில்லை. "பழனிண்ணா, நீங்க முன்னாடி போங்க" என்பார்கள். வாழ்க்கையில் வேறெங்கும் அவனை யாரும் முன்னாடி போகச் சொன்னதில்லை.

அம்மா ஆயம்மாள் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்ததும் ஊருக்கு வந்தவன், அப்படியே தங்கிவிட்டான். கல்யாணம் ஆகவில்லை. கோமுகி அணைத் தண்ணீர் பாயும் கரும்புத் தோட்டங்களில் கூலிக்குத் தண்ணீர் கட்டுகிற வேலை. வேலை ஒன்றும் கஷ்டமில்லை, பேசத்தான் ஆளில்லை. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஆதிமூலத்துக்குப் போன் போட்டு, போனிலேயே ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டான்.

"உங்க இடத்துக்குப் புதுசா ஒரு பையன் வந்துட்டான்ணா. ரெண்டு போர்வீரன் எதுக்கு? எங்ககிட்ட இல்லாத கிளாஸ் ஒண்ணு நீங்களே உண்டாக்கிக் கொண்டாங்க. கட்டாயம் சேத்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொன்னானோ என்னவோ, பழனி அதைப் பிடித்துக்கொண்டான். வாய்க்கால் மடையைத் திறந்து மூடுகிற மடைக்காரன் என்று ஒருத்தனை உண்டாக்கினான். முதலில் ஆசை தலைக்கேறி, வெள்ளத்தை ஏவுவான், தண்ணீரில் நடப்பான், மண்வெட்டியால் ஒரே வெட்டில் பூதத்தைச் சாய்ப்பான் என்று எழுதிப் போட்டோ பிடித்து அனுப்பினான். ஆதிமூலம் சிரித்துவிட்டான். "இவன் ஒருத்தனே போதும், மத்தவங்க வூட்டுக்குப் போயிடலாம். பலம் குடுத்தா அதுக்கு ஒரு பலவீனமும் குடுக்கணும்ணா."

பழனி ஒவ்வொன்றாக வெட்டினான். வீட்டில் லூடோ பகடையை உருட்டிப் பூதமாகவும் மடைக்காரனாகவும் தானே பேசிப் பார்த்தான். "யாருகிட்டடா பேசிக்கினு கெடக்கற?" என்று கட்டிலிலிருந்து அம்மா கத்தினாள். சொன்னால் புரியவா போகிறது?

கடைசியில் வழி கிடைத்தது வேலையில்தான். கரும்பு ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்டால் மடையில் நிற்கிறவனுக்கு எதிர்க்கோடி தெரியாது. அங்கே கூட்டாளி கொளஞ்சியப்பன் நிற்பான். தண்ணீர் அவன் காலைத் தொட்டதும் "வந்துச்சு, மாத்துப்பா!" என்று குரல் கொடுப்பான். அதுவரை பழனி மடையை விட்டு அசையக் கூடாது. இதையே விதியாக்கினான். எப்பேர்ப்பட்ட கல்கதவையும் மடைக்காரன் திறப்பான். அவன் நிற்கிற வரை எந்தப் பூதமும் அதை மூட முடியாது. ஆனால் உள்ளே போனவர்களில் ஒருத்தர் குரல் கொடுக்காமல் அவன் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

குரல் வராவிட்டால்? அதைப் பழனி எழுதவேயில்லை. அவனுக்குத் தோன்றவேயில்லை. கொளஞ்சியப்பன் ஒருநாள் கத்தாமல் இருந்தால் வரப்பு உடைந்து பயிரெல்லாம் மிதக்கும். யாராவது கத்தாமல் இருப்பார்களா?

"சூப்பர்ணா! சனிக்கிழமை கூப்பிடறேன்" என்று ஆதிமூலத்திடமிருந்து பதில் வந்தது.

சனிக்கிழமை பழனி வேலைக்குப் போகவில்லை. சட்டை மாற்றிக்கொண்டு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் வாய்க்கால் மதகின் மேல் போய் உட்கார்ந்தான். போனில் ஆட்டம் ஆடச் சட்டை எதற்கு என்று அவனைக் கேட்கக் கூடாது. வெயில் இறங்கியது. போன் வரவில்லை. தானே கூப்பிடவும் கூச்சமாக இருந்தது.

மறுநாள் ஆதிமூலமே கூப்பிட்டான். "சாரிண்ணா, ஆட்ட மும்முரத்துல மறந்துட்டேன். ஆனா உங்க மடைக்காரன் பிரமாதம்! அந்தப் புதுப் பையனே தன் போர்வீரனோட உங்க ஆளையும் சேத்து ஆடிட்டான். கதவு தொறந்தான், உள்ள போனோம், புதையல் அள்ளினோம்."

"யாரு தம்பி கொரல் குடுத்தீங்க?"

"குரலா? அட, யாருமே குடுக்கலைண்ணா. உள்ள வேற படிக்கட்டு இருந்துச்சு, அப்படியே வெளிய வந்துட்டோம்."

"அப்ப அவன் இன்னா ஆனான்?"

"உங்க ரூல்படி அங்கயேதான் நிக்கணும்!" ஆதிமூலம் சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை. "நாங்க வேற ஊருக்கே வந்துட்டோம். கிளாஸ்ல ஒரு சின்னத் தப்புண்ணா. ஒரு மணி நேரம் யாரும் கூப்பிடலைன்னா தானாவே கிளம்பிடலாம்னு சேத்துடவா?"

பழனி, இருட்டில் கதவோரம் மண்வெட்டியோடு நிற்கிறவனை நினைத்தான். அவ்வளவு பேர் போனார்களே, ஒருத்தர்கூடவா திரும்பிப் பார்க்கவில்லை?

"சேத்துடுங்க தம்பி," என்றான். பிறகு அவனாகவே சொன்னான்: "எனுக்கும் சனிக்கெழமயில வேல ஜாஸ்தியா கீது. இனிமே எனுக்காகப் பாக்க வேணாம்."

ஐயோ, அப்படிச் சொல்லாதீங்கண்ணா என்று ஒரு வார்த்தை வரும் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். வந்திருந்தால் அப்போதே மனசு மாறியிருப்பான்.

"சரிண்ணா," என்றான் ஆதிமூலம் உடனே. "உடம்பப் பாத்துக்கோங்க."