நாற்பத்தோராவது கிலோமீட்டர்

இது நடந்தது பட்டப்பகலில். ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்காலிலிருந்து மூன்று மணிக்குள். திரையில் தெரிந்த நேரங்களை அன்றே ஒரு தாளில் குறித்து வைத்தேன், இன்னும் இருக்கிறது. பேயாவது பிசாசாவது என்று சிரிப்பவர்களோடு மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. நானும் சிரித்தவன்தான்.

மண் வெட்டிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. அக்கா கல் சுமந்துதான் என்னைப் படிக்க வைத்தாள். படித்து ஒரு பெரிய மருத்துவமனையின் கம்ப்யூட்டர் அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். நோயாளிகளின் கோப்புகள் எல்லாம் அங்கேதான். அதே கோப்புகள் நூற்றுப் பத்து கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரிலும் பிரதியாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டு பைபர் கேபிள்கள் தேவை. இரண்டும் வெவ்வேறு சாலை வழியாகப் போக வேண்டும், ஒன்று அறுந்தால் இன்னொன்று காப்பாற்றும். புது கேபிள் பதித்தபோது சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். முதல் சாலையை நடந்து பார்த்தேன். இரண்டாவதை ஒப்பந்தக்காரன் கொடுத்த வரைபடத்தில் மட்டும் பார்த்தேன். மழை, அவசரம், சோம்பல்... எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த ஞாயிறு ஊருக்குள் வெள்ளம். செல்போன் கோபுரம் காலையிலேயே செத்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு நோயாளிகளை ஆம்புலன்ஸில் ஏற்றி அந்த இன்னோர் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் ஒருத்தி என் அக்கா. நினைவில்லாமல் கிடந்தாள். எந்த மருந்து, எந்த அளவு, எது அவளுக்கு ஆகாது, எல்லாம் கோப்பில்தான் இருந்தது. புது மென்பொருளுக்கு மாறிய வாரம் அது. பழைய பிரதி செல்லாததால் புதிதாக முதலிலிருந்து பிரதி ஓடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் அறைக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. மூன்று மணிக்கு மேல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தப் பக்கம் இருந்தவன் என் நண்பன். கண்ணாடி கனமானது, அதனால் சோடாபுட்டி. அதே கேபிளில் ஓடும் தொலைபேசியில் பேசினோம்.

"என்ன மாப்ளே, உங்க ஆபீஸ்ல நீச்சல் குளம் திறந்துட்டாங்களாமே?"

"வாய்க்கொழுப்புடா உனக்கு. எவ்வளவு வந்திருக்கு?"

"முப்பத்தெட்டு சதவீதம். கவலப்படாத. அக்கா வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

12:52. தொலைபேசி செத்தது. முதல் கேபிளின் விளக்கு அணைந்தது. அதே நொடியில் இரண்டாவதும்.

இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி அறும்? வேறு வேறு சாலை...

ஒப்பந்தக்காரன் இரண்டையும் ஒரே குழியில் போட்டிருக்கிறான். நான் போட்ட கையெழுத்து அக்காவின் கழுத்தில் விழுந்திருக்கிறது.

அளவுக் கருவியை எடுத்து இரண்டிலும் ஒளியை விட்டுப் பார்த்தேன். இரண்டுமே நாற்பத்தோராவது கிலோமீட்டரில் அறுந்திருந்தன. ஆம்புலன்ஸ்கள் போன பிறகு சாலையும் மூழ்கிவிட்டது, போய் ஒட்ட வழியில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். வெட்கமில்லை.

பிறகு பைத்தியக்காரன் மாதிரி இரண்டாவது கேபிளின் முனையைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். அதைக் கழலாமல் பிடித்திருக்கும் பூட்டு உடைந்து கையோடு வந்தது. அப்போதும் விடவில்லை. விரலால் அழுத்திப் பிடித்தேன்.

1:34. பச்சை விளக்கு எரிந்தது.

பிரதி ஓடியது. முப்பத்தொன்பது... நாற்பது. விரலை எடுத்தால் விளக்கு அணையும், பிரதியும் நின்றுவிடும். அழுத்திக்கொண்டே இருந்தேன். இன்னொரு கையால் தொலைபேசியை எடுத்தேன்.

"சோடாபுட்டி? டேய்... வந்துட்டியா?"

மண் சரிந்து விழும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் கொஞ்சமாக. வைத்துவிட்டேன்.

அப்போதுதான் திரையைக் கவனித்தேன். ஒரு செய்தி அந்தப் பக்கம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று அதில் தெரியும். நூற்றுப் பத்து கிலோமீட்டருக்குக் கேபிளுக்குள் ஒளியே ஓடினாலும் ஒரு மில்லி செகண்டுக்குமேல் ஆகும். குறையவே முடியாது.

திரையில் 0.41.

நாற்பத்தொரு கிலோமீட்டர் போய்த் திரும்பும் நேரம் அது. கேபிள் அறுந்த இடம். பதில் அங்கிருந்து வருகிறது.

கருவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன நினைக்க? பிரதி ஐம்பத்திரண்டில் இருந்தது. அது போதும் எனக்கு.

1:58. திரையில் 0.33.

2:11. 0.24.

பதில் சொல்வது எதுவோ, அது பக்கத்தில் வந்துகொண்டிருந்தது.

2:20. வாட்ச்மேன் அண்ணன் கதவைத் திறந்து தலையை நீட்டினார். முழங்கால் வரை நனைந்திருந்தார்.

"தம்பி, கிளம்புங்க. தண்ணி ஏறுது."

"இன்னும் கொஞ்ச நேரம்ணே."

அவர் போகவில்லை. தரையையே பார்த்தார்.

"கீழ யாரு தோண்டுறது?"

அப்போதுதான் எனக்கும் கேட்டது.

எங்கள் அறையின் தரை பலகைகளால் ஆனது. அடியில் இரண்டடி வெற்றிடம், கேபிள்கள் அதில்தான் ஓடும். அந்தச் சத்தத்தோடு வளர்ந்தவன் நான். மண்வெட்டி ஈர மண்ணில் இறங்கும் சத்தம். சக்... பிறகு மண்ணை இழுக்கும் சத்தம். சக்...

திரும்பிப் பார்த்தேன். அண்ணன் இல்லை. படிக்கட்டில் ஓடும் சத்தம் மட்டும்.

2:33. 0.12. எழுபத்தொன்பது சதவீதம்.

கேபிள் தரையின் ஓட்டை வழியாகத்தான் மேலே வந்தது. என் கைக்கும் அந்த ஓட்டைக்கும் ஒரு முழ தூரம்.

சக்...

ஓட்டையிலிருந்து குளிர் வந்தது. புது மண் வாசனை.

2:41. 0.05.

எண்பத்தெட்டு.

கால் ஓடச் சொன்னது. விரல் மறுத்தது. அக்கா... அக்கா... என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சத்தம் நின்றது.

2:47. 0.00.

கேபிள் அசைந்தது.

கீழிருந்து. மெதுவாக. பிடித்துப் பார்ப்பது போல...

ஒரு முறை.

இன்னொரு முறை.

தொண்ணூற்றாறு.

கண்ணை மூடிக்கொண்டேன். விரல் மரத்துப்போயிருந்தது.

கீழே ஒரு மூச்சு. வேலை செய்து களைத்தவன் விடும் மூச்சு.

2:51. நூறு.

விரலை எடுத்தேன்.

கேபிள் சரசரவென்று ஓட்டைக்குள் இறங்கி மறைந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. 2:58-க்கு ஜெனரேட்டர் நின்றதாகச் சொன்னார்கள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். நான்கு நாள் கழித்துச் சோடாபுட்டியோடு பேச முடிந்தது.

"கோப்பு எல்லாம் வந்துச்சு மாப்ளே. ஒண்ணு குறையல. கடைசிக் கோப்பு 2:51-க்கு."

"லைன் எப்ப வந்துச்சு?"

"அதத்தான் உன்கிட்ட கேக்கலாம்னு இருந்தேன். எங்க பக்கம் 12:52-க்கு அணைஞ்ச விளக்கு இன்னும் எரியல."

பதினோராம் நாள், தண்ணீர் வடிந்த பிறகு, நாற்பத்தோராவது கிலோமீட்டரில் தோண்டினார்கள். நானும் போனேன். கேபிள் பதித்தபோது இருந்த அதே மேஸ்திரி. என்னைத் தனியே பள்ளத்துக்குள் கூப்பிட்டார்.

"உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது சார். இங்க அன்னைக்கு மண்ணு சரிஞ்சு ஒருத்தன் மாட்டிக்கிட்டான். வந்து ரெண்டே நாள்தான். பேரு கூட எழுதல. எடுத்தா வேலை நின்னுரும்னு கான்டிராக்டர் மூடச் சொல்லிட்டாரு. மத்தவனெல்லாம் பயந்து ஓடிட்டான். அடுத்த ரோட்டுக்கு ஆளில்ல. ரெண்டு கேபிளையும் அவன் மேலயே போட்டு மூடினோம்."

"மூடும்போது... உயிர் இருந்துச்சா?"

மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

"எலும்பையாவது எடுத்து அடக்கம் பண்ணலாம்னுதான் முதல்ல இங்க தோண்டினேன். இல்ல சார்."

டார்ச்சை அடித்தார். அறுந்த கேபிள் முனைகளுக்குக் கீழே, பள்ளத்தின் சுவரில் ஒரு வளை. ஓர் ஆள் குப்புறப் படுத்து நகரும் அகலம். பன்னிரண்டடிக் கம்பியை விட்டுப் பார்த்தோம். முடிவு தட்டவில்லை.

வெட்டிய மண் எந்தப் பக்கம் கிடக்கிறது என்று பார்த்தாலே, வெட்டியவன் எங்கே இருந்தான், எந்தத் திசையில் போனான் என்று சொல்லிவிடுவேன். எங்கள் வீட்டில் குழந்தைக்குக் கூடத் தெரியும் அது.

மண் முழுக்க எங்கள் காலடியில், பள்ளத்துப் பக்கம் தள்ளிக் கிடந்தது. வெளியிலிருந்து யாரும் உள்ளே வெட்டவில்லை. உள்ளே இருந்தவன் முன்னால் வெட்டி, பின்னால் தள்ளி, வெட்டி, தள்ளி... போயிருக்கிறான்.

எங்கள் ஊரை நோக்கி.

"மூடிரலாமா சார்?" என்றார் மேஸ்திரி.