எலுமிச்சம்பழத்தில் ஏற்றிய பந்தயக் கார்

தலைவரே, என் காரின் முன்சக்கரங்களை நசுக்கியது நீங்கள். உங்கள் உள்ளங்கைதான் நசுக்கியது. அதோடு விட்டிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். நசுக்கிவிட்டு, மைக்கைப் பிடித்து, என் வேலை மட்டம் என்பதால் சக்கரம் சாய்ந்தது என்று மண்டபம் நிறைந்த ஜனத்துக்குச் சொன்னீர்கள். அது பொய்.

படிக்கிறவர்களுக்கு விஷயம் தெரியாது. ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு பல் லேபில் வேலை செய்கிறேன். டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து எங்களுக்கு அனுப்புவார்கள். அந்த அச்சில் பிளாஸ்டர் மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல் செதுக்கி, உலோகத்தில் வார்த்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். உட்கார இடம் கிடைத்தால் அன்று நல்ல நாள். குனிந்தே இருந்து கழுத்து போய்விட்டது. பல் தேய்க்கும்போது பறக்கிற பொடியைத் தின்று தின்று தொண்டையும் போய்விட்டது.

இந்த வேலையில் நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படக்கூடாது. கட்டின பல் என்று தெரிந்துவிட்டால் அது மோசமான பல். கல்யாண வீடுகளில் நான் செய்த பல்லோடு சிரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு டாக்டரைத் தெரியும். என்னைத் தெரியாது. கறிச்சோறு சாப்பிடும்போது அந்தப் பல் எப்படிக் கடிக்கிறது என்று பந்தியில் எதிரே உட்கார்ந்து பார்ப்பேன், எழுந்து வந்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் யாரும் என் வேலையைப் பற்றி நல்லதாகவும் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை.

காரைப் பார்த்தது ஒரு டாக்டரின் கிளினிக்கில். அச்சு வாங்கப் போனவளைக் காக்க வைத்தார்கள். அங்கே கிடந்த பழைய பத்திரிகை ஒன்றில் அந்தப் படம். எங்கோ வெளிநாட்டில், உலகப்போருக்கு முன்னால் ஓடிய பந்தயக் கார். ஒரே ஒரு ஆள் உட்காரும் இடம். நீண்ட மூக்கு, அதன் மேல் மூடியை இறுக்கிக் கட்டிய தோல் பெல்ட், பக்கவாட்டில் வெளியே ஓடும் புகைக்குழாய், சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி போட்ட சக்கரங்கள். பெயின்ட் இல்லை. வெறும் அலுமினியத்தைத் துலக்கி விட்டிருந்தார்கள். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது, பந்தயம் பார்த்ததும் இல்லை. ஆனால் அந்தச் சக்கரத்தைப் பார்த்ததும், இந்தக் கம்பி என்னிடம் இருக்கிறதே என்று தோன்றியது. கழற்றி மாட்டும் பல்செட்டைப் பக்கத்துப் பல்லில் பிடித்து நிறுத்த நாங்கள் வளைக்கும் ஸ்டீல் கம்பி அது. துண்டு துண்டாக டப்பாவில் கிடக்கும்.

அப்படித்தான் ஆரம்பித்தேன். காரின் அளவுப்படத்தை போனில் தேடி எடுத்து, ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கினேன். நிஜக் காரில் எட்டில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டேன். முடித்தபோது ஒரு முழத்துக்குக் கொஞ்சம் அதிகம் இருந்தது. பல் அச்சுக்கு ஊற்றும் மாவிலேயே காரின் உடம்பைத் துண்டு துண்டாக வார்த்து, அதன் மேல் அலுமினியத் தகட்டை வைத்துத் தட்டினேன். தகடு சுருங்கும், கிழியும். கிழிந்தால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு தகடு. வேலை முடிந்து லேபில் எல்லோரும் கிளம்பிய பிறகு கொஞ்ச நேரம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கொஞ்ச நேரம். இப்படியே வருஷங்கள் ஓடின.

என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவருக்கு வண்டி என்றால் ஓட வேண்டும்.

“ஏட்டி, இது ஓடுமா?”

“ஓடாது.”

“இன்ஜின் வெச்சிருக்கியே.”

“அது சும்மா. பாக்கத்தான்.”

“மூடியப் போட்டு மூடிட்டா அதுவும் தெரியாது. தெரியாத இன்ஜினுக்கு எதுக்கு இம்புட்டுப் பாடு? என் வண்டில சைலன்சர் தொங்குது, அதக் கட்டிக் குடு, புண்ணியமாப் போவும்.”

கட்டியும் கொடுத்தேன். சும்மா சொல்லக்கூடாது, பித்தளைக் கம்பியைச் சூடாக்கிப் புகைக்குழாயை வளைத்தபோது மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். கையைச் சுட்டுக்கொண்டு என்னைத் திட்டினார்.

சக்கரம்தான் உயிரை எடுத்தது. வளையங்களை லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். கம்பிகளை உள்வரிசை, வெளிவரிசை என்று ஒன்றை ஒன்று குறுக்கே வெட்டும்படி கோக்க வேண்டும். ஒரு கம்பி கூடுதலாக இழுத்தால் வளையம் கோணும். முதல் சக்கரத்தைக் கோத்துச் சுற்றிவிட்டேன். நொண்டியது. பிரித்தேன். மறுபடி கோத்தேன், மறுபடி நொண்டியது. அந்த மழைக்காலம் முழுவதும் அந்த ஒரு சக்கரத்தோடு போயிற்று. கடைசியில் சுற்றிவிட்டால் ஆடாமல் நின்று சுற்றியது. நான்கும் அப்படித்தான் சுற்றின. பல்செட்டுக்குக் கடைசி மெருகு போடும் பொடியால் உடம்பைத் துலக்கியபோது என் முகம் அதில் தெரிந்தது. களைத்துப்போன முகம்தான். ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் உங்கள் சங்கத்தின் கண்காட்சி வந்தது, தலைவரே. ராஜபாளையத்தில் கல்யாண மண்டபம் ஒன்றில் உள்ளூர்க்காரர்களின் கைவேலைகளை வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். எங்கள் லேப் முதலாளி என் காரைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்களே ஆள் அனுப்பிக் கேட்டீர்கள். துணி சுற்றி, வீட்டுக்காரர் வண்டியில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். மேஜையில் இறக்கி வைத்துவிட்டு உங்களிடம் நேரே சொன்னேன்.

“ஐயா, இதத் தொடக்கூடாது. தள்ளவும் கூடாது. கம்பி சன்னம்.”

“நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி பாத்துக்கிடுவோம்மா. நீ கவலைப்படாமப் போ.”

மறுநாள் காலை திறப்பு விழா. என்னால் வர முடியவில்லை. செட்டியார்பட்டிக்காரர் ஒருவருக்குப் பல்செட் அன்றே கொடுத்தாக வேண்டும், அவர் மகள் கல்யாணம். சாயங்காலம் ஓடி வந்து பார்த்தேன்.

காரின் மூக்கில் சந்தனம். அதன் மேல் குங்குமம். கழுத்தில் மல்லிகைச் சரம். சக்கரங்களுக்கு அடியில் நசுங்கிப்போன எலுமிச்சம்பழத் தோல். முன்சக்கரம் இரண்டும் உள்பக்கமாகச் சாய்ந்து, கார் மூக்கை மேஜையில் ஊன்றிக் கிடந்தது. பழச்சாறு தெறித்த இடமெல்லாம் அலுமினியம் வெளுத்துத் திட்டுத் திட்டாக இருந்தது. புளிப்பு பட்டால் அலுமினியம் அப்படித்தான் ஆகும். உடனே துடைத்திருந்தால் போயிருக்கும். பகல் முழுக்க அப்படியே விட்டிருக்கிறார்கள்.

மண்டபம் கூட்டும் அக்கா விளக்குமாற்றோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“தாயி, நீதான் இதச் செஞ்சவளா? புது வண்டியில்ல, பூசை போடாம வெக்கக் கூடாதுன்னு தலைவர்தான் சொன்னாவ. பழத்த அவியளே வெச்சாவ. நாட்டுப் பழம், நல்ல குண்டுப் பழம். சக்கரத்துல பாதி ஒசரம் இருந்துச்சு. எப்படி ஏறும்? ஏறலன்னதும் முதுகுல கைய வெச்சு ஒரே அமுக்கு. படக்குன்னு சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் கைதட்டுனாவ.”

“யாரும் எதுவும் சொல்லலியா?”

“பழம் நசுங்குன சத்தம்னு நெனச்சிருப்பாவ. நானும் அப்படித்தான் நெனச்சேன்.”

எலுமிச்சம்பழத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எங்கள் லோடு ஆட்டோவும் பழத்தில் ஏறித்தான் வீட்டுக்கு வந்தது. புரட்டாசிச் சனிக்கிழமை எங்கள் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலையில் பெருமாளைப் பார்க்கப் படியேறுகிறவள்தான் நானும். ஒரு பொம்மையை வண்டி என்று நினைத்து ஒருவர் சந்தனம் வைத்தால் அதில் ஒரு மரியாதையும் இருக்கிறது. அந்த இடத்தில் நின்று, அழுகை வந்தபோதும், நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டேன். தெரியாமல் செய்துவிட்டார், கேட்டால் வருத்தப்படுவார் என்று நினைத்தேன்.

நிறைவு விழாவன்று என்னை மேடைக்குக் கூப்பிட்டீர்கள். பொன்னாடை போர்த்தினீர்கள். மைக்கில் என் பெயரைச் சொன்னீர்கள். என் வேலையோடு சேர்த்து என் பெயரை நாலு பேருக்கு முன்னால் ஒருவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அடுத்து சொன்னீர்கள்: “பல்லு கட்டுற பொம்பள காரு கட்டிருக்கு, பாராட்டணும். ஆனா பாருங்க, மொத நாளே சக்கரம் சாஞ்சிருச்சு. ஆசை மட்டும் இருந்தா பத்தாது, தரம் வேணும். அடுத்த தடவ நல்லாச் செய்யட்டும்னு வாழ்த்துறேன்.”

ஜனங்கள் சிரித்தார்கள். நானும் பொன்னாடையோடு நின்றேன். வாய் திறப்பதற்குள் சின்னப் பிள்ளைகள் டான்ஸுக்குப் பாட்டுப் போட்டுவிட்டார்கள். உங்கள் மேல்வரிசைப் பல் எந்த லேபில் செய்தது என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். அது சாயாமல் நிற்பதால்தான் அன்று அவ்வளவு தெளிவாகப் பேச முடிந்தது.

கீழே இறங்கியதும் கேட்டேன்.

“ஐயா, சக்கரம் தானாச் சாயல. நீங்க அமுக்குனதுல போச்சு.”

“யாரும்மா சொன்னா? பூசை போட்டது தப்பா? சாமி காரியத்துல குத்தம் கண்டுபிடிக்காத.”

“பூசையச் சொல்லல. அமுக்குனதச் சொல்லுறேன்.”

“சரி விடும்மா. சின்ன விஷயம். பொம்மதான?”

சின்ன விஷயம்தான். அந்த வாரமே லேபுக்கு ஒரு அம்மா வந்தார். பல்செட் சரிபார்க்க டாக்டர் அனுப்பியவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்கதான அந்தக் காரு? இந்தப் பல்லாவது நிக்குமா?” என்றார். கேலியாகத்தான் கேட்டார். லேபில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு டாக்டர் போன் செய்து, முதலாளியிடம், தான் அனுப்பிய கேஸை என்னிடம் தராமல் வேறு ஆளிடம் கொடுக்கச் சொன்னார். இது கேலி இல்லை. முதலாளி என்னிடம் மறைக்கவில்லை. “கொஞ்ச நாள் போனா மறந்துருவாங்க” என்றார். எனக்கு மறக்கவில்லை.

காரை வீட்டில் பிரித்துப் போட்டிருக்கிறேன். கம்பிகளை ஒவ்வொன்றாக உருவியாயிற்று. மறுபடி கோக்க உட்கார்ந்தால் கண்ணில் நீர் வடிகிறது. அழுகை இல்லை, வயசு. அலுமினியத் திட்டு எவ்வளவு தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. இன்னும் தேய்த்தால் தகடு ஓட்டையாகும். வீட்டுக்காரர், “பெயின்ட் அடிச்சிருவோமா?” என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

போன வாரம் உங்கள் டிரைவர் வீட்டுக்கு வந்தார். கையில் பெரிய அட்டைப்பெட்டி. உள்ளே ரிமோட்டில் ஓடும் சிவப்பு பிளாஸ்டிக் கார்.

“தலைவர் குடுத்துவிட்டாவ. இத வெச்சுக்கிட்டு, இதோட விட்டுரச் சொன்னாவ.”

“என்னத்த விடணும்னு சொன்னாரா?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா.”

என் வீட்டுக்காரர் பெட்டியை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது ஓடும்” என்றார். பிறகு அவரே மூடி, டிரைவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

தலைவரே, இதோடு விடச் சொல்லி ஆள் அனுப்பியதிலிருந்து ஒன்று தெரிகிறது. சக்கரம் எப்படிப் போனது என்று உங்களுக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தபோதும் தெரியும். எனக்கு வேறு கார் வேண்டாம். பொன்னாடை வேண்டாம். வீட்டுக்கு வந்து தனியாக வருத்தம் சொல்வதும் வேண்டாம், அதை என் வீட்டுக்காரரைத் தவிர யாரும் கேட்க மாட்டார்கள். என் வேலை மட்டம் என்று ஊரைக் கூட்டிச் சொன்னீர்கள். இப்போதும் ஊரைக் கூட்டித்தான் பதில் சொல்ல வேண்டும். உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு நான் வருகிறேன், முதல் வரிசையில் உட்காருகிறேன். எழுந்து நின்று மைக்கில் சொல்லுங்கள்: அந்தக் காரை அமுக்கியது யார்?