அடக்கும் மாத்திரையும் அடங்காத வாய்களும்

மருந்துக்கடையில் நிற்க மருந்தின் பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, வாய்க்குள்ளேயே பேசுகிறவர்களின் பேச்சும் விளங்க வேண்டும். என்னைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய சக பாவிகளுக்கு இது தெரியும். பதுளையில் நான் வேலை செய்யும் கடையில் ஆட்கள் மிக ரகசியமாகக் கேட்பது சொலிபெனசின் மாத்திரையைத்தான். அடக்க முடியாமல் அவசரமாகச் சிறுநீர் வருகிறவர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுப்பது. "சுருங்கு" என்று நரம்பு அனுப்பும் சேதி சிறுநீர்ப்பைக்குப் போய்ச் சேராமல் அது தடுத்துவிடும்.

இருமல்காரர்

வெலிமடையிலிருந்து உருளைக்கிழங்கு லொறி ஓட்டி வரும் அண்ணன் ஒருவர் கூட்டத்துக்கு நடுவே நின்று இருமிக்கொண்டே இருந்தார். "சளி இருக்கா, வறட்டு இருமலா?" என்று கேட்டேன். இன்னும் பலமாக இருமினார். பாணிமருந்துப் போத்தலை எடுத்து வைத்தேன். அவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, டாக்டர் எழுதிய துண்டை மெல்ல என் பக்கம் தள்ளினார்.

"பாணி வேணாம் மிஸ். நான் இருமுனா மத்தவங்க தள்ளி நிப்பாங்கன்னுதான் இருமுறேன்."

கண் விசாரணை

இந்த மாத்திரை கண் அழுத்த நோய் உள்ள சிலருக்கு ஆகாது. அதனால் கொடுக்குமுன் கேட்டுவிடுவேன். பலசரக்குக் கடை முதலாளி ஒருவரிடம், "கண்ணுல பிரஷர் இருக்குன்னு யாராவது சொன்னாங்களா?" என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நான் கீழ உள்ள வருத்தத்துக்கு வந்தா, நீங்க மேல உள்ளதக் கேக்குறீங்களே!"

வறண்ட பாட்டு

ஸ்டெல்லா அக்கா மாதா கோவில் பாடற்குழுவில் பாடுகிறவர். பூசை நடுவில் எழுந்து ஓட வேண்டியிருக்கிறதே என்றுதான் மாத்திரையைத் தொடங்கினார். ஓட்டம் நின்றது. ஆனால் அதே மாத்திரை எச்சில் சுரப்பியையும் விட்டுவைக்காது. ஞாயிற்றுக்கிழமை வாயைத் திறந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டதாம். நேராகக் கடைக்கு வந்துவிட்டார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லி, டாக்டரிடம் திருப்பி அனுப்பினேன். டாக்டர் அளவைக் குறைத்தபின் குரல் திரும்பியது. ஆனால் கடைக்கு வந்த அன்றைக்கு அவருக்கு என்மேல் இருந்த கோபம் தீரவில்லை.

"ஆண்டவர்கிட்ட ஒரு குழாயத்தான் மூடச் சொன்னேன், நீங்க மெயின் பைப்பையே மூடிட்டீங்க!"

கொழும்பு பஸ்

செல்வமணி அக்கா ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். மலையில் ஒதுங்க இடமில்லாததால் காலையில் தேத்தண்ணி குடிப்பதையே நிறுத்தியிருந்தார். கொழும்பில் மகளுக்குப் பிள்ளை பிறந்து, அது தவழவும் தொடங்கிவிட்டது. பஸ்ஸில் அவமானப்பட்டுப் போவோமோ என்ற பயத்தில் பேத்தியை போனில்தான் பார்த்திருந்தார்.

"பஸ் ஏறுற அன்னைக்கு மட்டும் ரெண்டா போட்டுக்கவா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கூடவே கூடாதுங்க. தினமும் ஒன்னுதான். பலன் தெரிய சில கிழமை ஆகும், பொறுத்துக்கங்க" என்றேன். அவர் முகம் வாடிப் போனது. வாங்காமல் போய்விடுவாரோ என்று பயந்தேன். வாங்கிக்கொண்டார்.

பிறகு ஒரு நாள், கூட்டம் நிறைந்த நேரத்தில் கடைக்குள் வந்தார். கிசுகிசுப்பெல்லாம் இல்லை. பேத்தி தன் மூக்குத்தியைப் பிடித்து இழுத்த கதையைச் சொன்னார். "பஸ்ல எப்படி?" என்று நான்தான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். அவர் கடை முழுக்கக் கேட்கும்படி பதில் சொன்னார்.

"பஸ்ஸ நிப்பாட்டுனதும் எல்லாரும் எறங்கி ஓடுறாங்க மிஸ், நான் மட்டும் ராணி மாதிரி உக்காந்து வேடிக்க பாத்தேன்!"

பதுளையில் பாதிப் பேரின் அவசரம் எனக்குத் தெரியும் என்றாலும், சந்தையில் அவர்களைக் கண்டால் கத்தரிக்காயை மும்முரமாகப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலிலேயே எனக்குக் கஷ்டமான வேலை.