ப்ளீச்சிங் தண்ணீரில் ஒரு சவரக்கத்தி

முப்பது வருஷம் வளைகுடாவில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். சுத்தத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தத் திமிருக்குக் கிடைத்த அடி இது.

பழைய மடக்குச் சவரக்கத்திகளைப் புதுப்பிப்பது என் பொழுதுபோக்கு. மார்த்தாண்டத்துப் பழைய இரும்புக் கடைகளில் துருப்பிடித்துக் கிடப்பவற்றை வாங்கி வந்து, எண்ணெயில் ஊறவைத்து, நைஸ் எமரித் தாளால் தேய்த்து, கல்லில் தீட்டி எடுப்பேன். ஐந்தாறு கத்திகள் அப்படி அலமாரியில் மினுங்கிக்கொண்டிருந்தன. எல்லாம் பார்க்கத்தான். என் கைக்கு வந்த பிறகு எதுவும் யார் முகத்திலும் பட்டதில்லை.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்கா கடற்கரையோரக் கடியப்பட்டணத்துக்காரர். ஒருநாள் மீனை விற்றுவிட்டுக் கிளம்பாமல் நின்றார். பிறகு, துணியில் சுற்றிய ஒரு கத்தியை எடுத்து நீட்டினார்.

“எனக்க வீட்டுக்காரருக்க கத்தி சாரே. மோனுக்கு வார மாசம் கல்யாணம். இதைக் கொண்டு அவனுக்கு மொகம் மழிக்கணும்.”

கல்யாணத்துக்கு முந்தின நாள் உறவெல்லாம் சுற்றி நிற்க மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யும் வழக்கம் அவர்களிடம் உண்டு. கடலுக்குப் போன கணவர் திரும்பாதபோது அந்தப் பையனுக்கு மூன்று வயது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

“அப்பன் தொட்டு ஆசீர்வதிக்க இல்ல. அவருக்க கத்தியாவது அவன் மொகத்துல படட்டு” என்றார்.

துருவை நீக்குவது எளிதாகவே முடிந்தது. ஆனால் இது முகத்தில் படப்போகிற கத்தி. கொதிக்க வைத்தால் கொம்புப் பிடி கோணிவிடும் என்பது தெரியும். ஆகவே பெரிய மேதாவி போல ப்ளீச்சிங் பவுடரைத் தண்ணீரில் கரைத்து, பத்தே நிமிஷம் என்று சொல்லிக்கொண்டு கத்தியை அதில் போட்டேன். அப்போது பார்த்துக் கிணற்று மோட்டார் நின்றுபோனது. அதோடு மல்லுக்கட்டிவிட்டு, சாப்பிட்டு, கண்ணயர்ந்து எழுந்தபோதுதான் கத்தி நினைவுக்கு வந்தது. தண்ணீர் காவி நிறத்தில் இருந்தது. கத்தியின் வெட்டுவாய் நெடுக ஊசியால் குத்தினாற்போலப் பொத்தல்கள். தியேட்டரில் எவர்சில்வர் கருவிகளோடு பழகியவன், பழைய எஃகு ப்ளீச்சிங்கைத் தாங்காது என்பதை யோசிக்கவே இல்லை.

அலமாரியில் அதே மாதிரி கறுப்புப் பிடி போட்ட கத்தி ஒன்று இருந்தது. அதைக் கொடுத்தால் அக்காவுக்குத் தெரியப்போவதில்லை. ஒரு நாள் முழுக்க அந்த யோசனையில்தான் இருந்தேன். மறுநாள் அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை, உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“ஆஸ்பத்திரிக்காரன் கையில குடுத்தா பத்திரமா இருக்கும்னு நெனச்சேன்” என்றார். அதற்குப் பதிலாக அவர் என்னைத் திட்டியிருக்கலாம். கத்தியை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இனி இதைச் சரியாக்க ஒக்குமா ஒக்காதா? அதைச் சொல்லுங்க” என்றார்.

“பாத்துருவோம் அக்கா” என்றேன், எனக்கே நம்பிக்கை இல்லாமல்.

ஆறு நாள் கல்லோடு கிடந்தேன். பொத்தல் விழுந்த வாயைத் தேய்த்துத் தேய்த்து, அடியில் நல்ல எஃகு வரும்வரை இறக்கினேன். கத்தி ஒரு நூல் அகலம் குறைந்தது. ஏழாம் நாள் ஒற்றைத் தலைமுடியைத் தொட்டதும் அறுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சவரத்தன்று கத்தியோடு நானே அக்கா வீட்டுக்குப் போனேன். அதைப் பார்த்ததுமே நாவிதர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “நான் இப்ப ஆளுக்கொரு பிளேடு போடுற ஆளு சாரே. இந்தப் பழசை மொகத்துல வச்சு நாளைக்கு ஒரு சீக்கு வந்தா யாரு பதில் சொல்ல?”

நியாயமான கேள்வி. “உங்க கண்ணு முன்னாலயே செய்யுதேன்” என்று பையைத் திறந்தேன். சோப்புத் தண்ணீர் தொட்ட மெல்லிய பிரஷ்ஷால் கழுவி, திருகாணிப் பக்கம் ஈரம் தங்காமல் துடைத்தேன். அவர் கத்தியைத் தீட்டும் வார்த்தோலை எடுத்தார். வார் பிடிப்பது முதலில், அதற்குப் பிறகுதான் மருந்து என்று சொல்லி, தீட்டவிட்டு வாங்கிக்கொண்டேன். ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் முதுகிலிருந்து வாய்ப்பக்கமாக இரண்டு தடவை துடைத்து, அது தானாகக் காயும்வரை பிடித்திருந்தேன்.

“தீயில ஒரு காட்டு காட்டினா போராதா?” என்றார் நாவிதர்.

“காட்டினா பதம் போயிரும். பின்னே மீன்தான் வெட்டணும்.”

சிரித்துக்கொண்டே கத்தியை வாங்கினார். உள்ளங்கையில் ஒரு தடவு தடவிப் பார்க்கப் போனவரை நான் முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

மாப்பிள்ளைக்கு இதிலெல்லாம் பெரிய ஈடுபாடு இல்லை. துபாயில் வேலை, டிரிம்மர் பழக்கம், அம்மாவுக்காக உட்கார்ந்திருந்தான். கன்னம் இரண்டிலும் கத்தி வெண்ணெயில் போவதுபோல வழுக்கிக்கொண்டு போனது. அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகவாய்க்கு, அவர்கள் பேச்சில் நாடிக்கு, வந்தபோது சுருக்கென்று ஒரு பொட்டு ரத்தம்.

ஒரு பொத்தலை விட்டுவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது. பஞ்சோடு பாய்ந்தேன். அக்காவோ வாய்விட்டுச் சிரித்தார்.

“அவருக்கும் அந்தக் குழியிலதான் வெட்டுப் படும். எப்பவும் அங்கதான். நான்தான் துணி வச்சு அமுக்குவேன்.”

“எந்தக் குழி?” என்றான் மகன்.

“நாடிக் குழி மக்கா. அப்பிடியே அப்பாக்க நாடிதான் உனக்கு.”

“போட்டோல அப்பிடி ஒண்ணும் தெரியல்லியே அம்மா.”

“அந்தப் போட்டோல கண்ணே ஒழுங்காத் தெரியாது, நாடியா தெரியும்!”

அவன் என் கையைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியைக் கேட்டு வாங்கினான். ரத்தம் தானாக நிற்கும்வரை அவன் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தான்.